உதறலின் கணக்கு

நிறுத்தி வைத்த இடத்தில் என்ஜின் ஒழுங்காக ஓடுகிறது; சமமான சாலையில் ஒரே வேகத்தில் செல்லும்போது குற்றம் சொல்வதற்கு ஒன்றுமில்லை; ஆயினும் ஓட்டுகிறவர் ஆக்ஸிலரேட்டரை அழுத்தி வேகம் எடுக்க முற்பட்ட மாத்திரத்தில் தரையும் இருக்கையும் சேர்ந்து உதறத் தொடங்கி, காலை எடுத்ததும் அந்த உதறல் வந்த சுவடு தெரியாமல் அடங்கிவிடுகிறது. இத்தகைய பிக்கப் வண்டியைப் பட்டறையில் கொண்டுபோய் விட்டவர்களுக்கு நேரும் அனுபவம் பெரும்பாலும் ஒரே மாதிரியானது. முதலில் சக்கரங்களுக்கு பேலன்சிங் செய்கிறார்கள். பிறகு டயர் மாறுகிறது. பிறகு கிளட்ச் பிளேட். அதற்கும் பிறகு என்ஜின் மவுண்ட். ஒவ்வொன்றுக்கும் பணம் போகிறது. ஒவ்வொரு முறையும் வண்டி ஓடாமல் நிற்கிறது. தவணை கட்டவேண்டிய நாள் மட்டும் நிற்காமல் வந்துகொண்டிருக்கிறது. உதறலோ இருந்தபடியே இருக்கிறது. ஒரு பிக்கப்பை நம்பி ஒரு குடும்பமே நடக்கும் நாட்டில் இதை அற்ப விஷயமாக நான் கருதவில்லை. ஆகையால் சற்று விரிவாகவே இதைப் பார்க்க விரும்புகிறேன்.

அதிர்வு எதுவாயினும் அதற்கு ஓர் எண் உண்டு. ஒரு விநாடியில் அது எத்தனை தடவை நிகழ்கிறது என்பதே அந்த எண். வண்டியின் உள்ளே சுழலும் உறுப்புகளும் தத்தமக்கென்று விதிக்கப்பட்ட எண்ணிக்கையில்தான் சுழல்கின்றன. அவற்றில் ஒன்று நோயுற்றால், அது தன் எண்ணிலோ, தன் எண்ணின் இரட்டிப்பிலோ, பாதியிலோதான் பெரும்பாலும் வண்டியை ஆட்டும். எனவே, எந்த உறுப்பைக் கழற்றுவது என்ற கேள்விக்கு முன்னால், உதறலின் எண் என்ன என்ற கேள்வியைக் கேட்கவேண்டும் என்பதே இந்த அத்தியாயத்தில் நான் வற்புறுத்த வந்த விஷயம். ஸ்பானரை எடுப்பதற்கு முன் கணக்கைப் போடுகிற பழக்கம் பட்டறைகளில் பரவுமானால் வீண் செலவில் பெரும்பகுதி நின்றுபோகும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

கணக்கு கடினமானதும் அன்று. முன்னால் நான்கு சிலிண்டர் என்ஜின், அதன் பின்னால் கிளட்சும் கியர்பாக்ஸும், அங்கிருந்து வண்டியின் அடிப்பாகத்தில் நீண்டு செல்லும் புரொபெல்லர் ஷாஃப்ட், அது சென்று சேரும் பின் அச்சின் ஹவுசிங், அதன் நடுவே கிரவுன் சக்கரமும் பினியனும், அச்சின் இரு முனைகளிலும் சக்கரங்கள் என்று அமைந்த சாதாரணமான ஒரு பிக்கப்பை எடுத்துக்கொள்வோம். டயரின் சுற்றளவு 2.1 மீட்டர் என்றும், ஷாஃப்ட் நான்கு சுற்றுச் சுற்றும்போது சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும் என்றும் வைத்துக்கொண்டால், மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் சக்கரம் விநாடிக்கு ஏறக்குறைய 8 தடவையும் ஷாஃப்ட் 32 தடவையும் சுழல வேண்டும். நான்காவது கியர் நேர் கியராக இருந்தால், அதாவது என்ஜினின் சுழற்சியைக் கூட்டாமலும் குறைக்காமலும் அப்படியே பின்னுக்கு அனுப்புவதாக இருந்தால், என்ஜினும் அதே 32 சுற்றுத்தான் சுற்றும். நிமிஷக் கணக்கில் சொன்னால் சுமார் 1,900. நான்கு சிலிண்டர் என்ஜினில் ஒரு சுற்றுக்கு இரண்டு சிலிண்டர்கள் எரிகின்றன. ஆகவே எரிதல்களின் எண்ணிக்கை விநாடிக்கு 64. ஒரு சிலிண்டர் மட்டும் எரியாமல் விட்டுப்போனால், பட்டறை வழக்கில் சொன்னால் மிஸ்ஸிங் அடித்தால், அந்தக் குறை இரண்டு சுற்றுக்கு ஒரு தடவை, அதாவது விநாடிக்கு 16 தடவை தலைகாட்டும்.

இந்த எண்களை அறிவதற்கு ஆதியில் கருவி எதுவும் தேவைப்படவில்லை. மனித சரீரமே ஓரளவுக்குப் போதுமான கருவியாக இருந்தது. மேலும் கீழுமாக விநாடிக்கு 4 முதல் 8 வரையிலான ஆட்டத்தை நம் வயிறும் தோளும் மிகக் கூர்மையாக உணர்கின்றன. 20-க்கு மேற்பட்டதைக் காது ஒலியாகக் கேட்கத் தொடங்குகிறது. ஆகவே சக்கரத்தினால் வரும் அதிர்வு உடம்பைக் குலுக்கும். ஷாஃப்ட் சுற்றுக்கு ஒரு தடவை தரும் அதிர்வு உள்ளங்காலில் கூச்சமாகவும் கண்ணாடியில் கலங்கிய பிம்பமாகவும் தெரியும். 64-ஐ ஒட்டிய அதிர்வு கேபினுக்குள் கும்மென்ற முழக்கமாகக் காதை அடைக்கும். ஸ்டியரிங் ஆடினால் முன் சக்கரங்களின் பக்கமும், இருக்கை ஆடினால் பின் பக்கமும் முதலில் சந்தேகிக்க வேண்டியவை. இக்காலத்திலோ ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் இருக்கும் கைப்பேசிக்குள் அதிர்வை அளக்கும் சில்லு ஒன்று இருக்கிறது. எவ்வளவு சிக்கலான ஆட்டத்தையும் எளிய ஆட்டங்களின் கூட்டாகப் பிரித்துவிடலாம் என்று பிரெஞ்சுக் கணித மேதை ஃபூரியே, வெப்பத்தைப் பற்றி 1822-இல் வெளியிட்ட நூலில் நிறுவிய தத்துவத்தைக் கொண்டு, அதற்கென்று அமைந்த செயலி அந்த அதிர்வை எண்வாரியாகப் பிரித்துத் திரையில் காட்டிவிடும். இருக்கையின் அடியில் உலோகத்தோடு சேர்த்துக் கைப்பேசியை இறுக வைத்துவிட்டு, பக்கத்தில் இன்னொருவர் அமர்ந்து பார்த்துக்கொண்டு வந்தால் போதும்.

ஆனால் எண் மட்டும் கிடைத்துவிட்டால் விவகாரம் தீர்ந்தது என்று எண்ணிவிடலாகாது. மேலே போட்ட கணக்கில் ஓர் இடையூறு மறைந்திருக்கிறது. ஷாஃப்ட்டின் இணைப்புகள், பின்னால் விளக்கப்போகும் ஒரு காரணத்தால், சுற்றுக்கு இரண்டு தடவை அதிர்வைத் தரும் இயல்புடையவை. 32-இன் இரட்டிப்பு 64. என்ஜினின் எரிதலும் 64. இரண்டு சந்தேகப் பொருள்களுக்கும் ஒரே எண் வாய்த்துவிட்டது. இது தற்செயலன்று, நேர் கியரில் என்ஜினும் ஷாஃப்ட்டும் ஒன்றாகச் சுழல்வதால் எந்த வேகத்திலும் இப்படியே நிகழும். இந்த முடிச்சை அவிழ்க்கும் உபாயத்தை அனுபவமுள்ள ஓட்டுநர்கள் கணக்கு எதுவும் இன்றியே அறிந்திருக்கிறார்கள் என்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தரும் விஷயம். அதே 60 கி.மீ. வேகத்தில் மூன்றாவது கியருக்கு மாற்றவேண்டும். மூன்றாவது கியரின் விகிதம் 1.4 என்று கொண்டால், என்ஜின் விநாடிக்கு 45 சுற்றை நெருங்கிவிடும். எரிதல் 64-இலிருந்து 89-க்குத் தாவிவிடும். சாலைக்குக் கட்டுப்பட்ட ஷாஃப்ட்டோ எந்தக் கியரில் இருந்தாலும் 32-ஐ விட்டு அசையாது. உதறல் கியரோடு சேர்ந்து மாறினால் குற்றம் என்ஜின், கிளட்ச் பக்கத்தில் இருக்கிறது. கியர் மாறியும் உதறல் மாறாமல் அதே வேகத்தில் நின்றால் கியர்பாக்ஸுக்குப் பின்னால் இருக்கிறது. ஒரு போல்ட்டையும் தொடாமல் வண்டியை நடுவில் இரண்டாகப் பிளந்து பாதியைச் சந்தேகத்திலிருந்து விடுவிக்கும் இந்தப் பரீட்சையைவிட மேலான பரீட்சையை நான் இத்துறையில் அறியேன்.

இரண்டாவது பரீட்சை, காலை எடுப்பது. ஆளரவமற்ற சமமான சாலையில், உதறல் வரும் வேகத்தைச் சற்றுத் தாண்டியபின் காலை எடுத்து, கியரையும் விடுவித்து, வண்டியை அதன் போக்கில் உருளவிட வேண்டும். அப்போதும் உதறல் தொடர்ந்தால் அதற்கும் என்ஜினின் முயற்சிக்கும் சம்பந்தமில்லை. சமநிலை குலைந்த சக்கரமோ, நெளிந்த ரிம்மோ, வளைந்த ஷாஃப்ட்டோதான் காரணம். 20 கிராம் எடைக் குறை, அச்சிலிருந்து 20 சென்டிமீட்டர் தூரத்தில் ஒரு சக்கரத்தில் இருந்தால், விநாடிக்கு 8 சுற்றில் அது ஏறக்குறைய ஒரு கிலோ எடையின் பலத்தோடு சக்கரத்தை ஒவ்வொரு திசையிலும் இழுக்கும். வேகம் இரட்டித்து 120 கி.மீ. ஆகும்போது அந்த இழுப்பு நான்கு மடங்காகும். இந்தக் கணக்கில் வேகத்துக்கு இடமுண்டு, எடைக்கு இடமுண்டு, ஆக்ஸிலரேட்டருக்கு எங்கேயும் இடமில்லை. அழுத்தினால் வந்து விட்டால் போகும் உதறலுக்குச் சக்கர பேலன்சிங் மருந்தாகாது என்பது இதிலிருந்தே விளங்கும். அப்படியிருந்தும் முதல் மருந்தாக அதையே கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

குற்றம் என்ஜின் பக்கம் என்று தெரியவந்தால் வழி ஓரளவு செப்பனிடப்பட்ட வழியே. அமெரிக்காவில் 1996 முதல் கார்களிலும் சிறு லாரிகளிலும் கட்டாயமாக்கப்பட்டு, பின்னர் உலகமெங்கும் பரவிய சுயசோதனை ஏற்பாட்டின்படி, என்ஜினின் கணினி கிராங்க் ஷாஃப்ட்டின் பற்களைச் சென்சார் ஒன்றினால் எண்ணிக்கொண்டே இருக்கிறது; ஒவ்வொரு சிலிண்டரும் எரிந்த கணத்தில் கிராங்க் கொஞ்சம் விரைவு பெறவேண்டும்; எந்தச் சிலிண்டரின் முறை வரும்போது அந்த விரைவு காணப்படவில்லையோ அந்தச் சிலிண்டரின் எண்ணைக் குறித்துவைக்கிறது. பெட்ரோல் வண்டியானால் பிளக்கும் காயிலும், டீசலானால் இன்ஜெக்டரும் அடைபட்ட ஃபில்டரும் டர்போவிலிருந்து வரும் குழாயின் விரிசலும் சோதிக்கப்படவேண்டியவை. இவையெல்லாம் சுமை ஏறும்போதுதான் தம் பலவீனத்தைக் காட்டுவதால், நின்ற இடத்தில் என்ஜின் ஒழுங்காக ஓடுவது ஒரு சாட்சியமே அன்று. பழைய டீசல் என்ஜின்களில் இன்ஜெக்டர் குழாயை ஒவ்வொன்றாகத் தளர்த்தி எந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று கண்டுபிடிக்கும் வழக்கம் இருந்தது. காமன் ரெயில் என்ஜின்களில் அதை ஒருபோதும் செய்யலாகாது. குழாய்க்குள் அழுத்தம் ஆயிரம் வளிமண்டலங்களுக்கும் மேல் உயரக்கூடியது. அந்தத் தாரை தோலைத் துளைத்து உள்ளே புகுந்துவிடும்.

கிளட்சின் உதறல் வேறு வகை. அது முதல் கியரிலும் ரிவர்ஸிலும் வண்டி நகரத் தொடங்கும் சில விநாடிகளில் மட்டும் தோன்றி, பெடலை முழுவதும் விட்டதும் மறைந்துவிடும். எண்ணெய் பட்ட கிளட்ச் பிளேட்டில், சறுக்கும் வேகம் கூடக்கூட உராய்வு குறைகிறது. அதனால் பிளேட் பற்றிக்கொள்வதும் நழுவுவதுமாக மாறிமாறி நிகழ்கிறது. வில்லின் இழுப்பில் வயலின் நரம்பு ஒலிப்பதற்கும் இதுவே காரணம். ஒன்று நாதமாகிறது, மற்றொன்று உபத்திரவமாகிறது. ஆட்டோமாட்டிக் கியர் உள்ள பிக்கப்புகளில் டார்க் கன்வெர்டரின் உள்ளே இருக்கும் பூட்டுக் கிளட்சிலும் இதே நாடகம் நடப்பதுண்டு. மிதமான வேகத்தில் லேசாக ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது உதறல் வந்து, அதே அழுத்தத்தை விடாமல் இடக்காலால் பிரேக்கைத் தொட்ட மாத்திரத்தில் அது போய்விட்டால், பிரேக் சமிக்ஞை அந்தப் பூட்டை விடுவித்ததே காரணம் என்று கொள்ளலாம். பெரும்பாலும் கியர் எண்ணெயின் உராய்வுக் குணம் கெட்டிருக்கும், உரிய எண்ணெயை மாற்றினாலே பல வண்டிகள் சரியாகிவிடுகின்றன.

இனி, பிக்கப்புக்கே உரிய, எல்லாவற்றிலும் சுவையான பகுதிக்கு வருவோம். கியர் மாறியும் மாறாமல், காலை எடுத்தால் மட்டும் மறைகிற உதறல் புரொபெல்லர் ஷாஃப்ட்டைச் சேர்ந்தது. கியர்பாக்ஸ் சேஸிஸோடு கட்டப்பட்டிருக்கிறது; பின் அச்சோ ஸ்பிரிங் பட்டைகளின் மேல் பள்ளம் மேடுகளுக்கேற்ப ஏறி இறங்குகிறது. அசையாத ஒன்றிலிருந்து அசைகிற ஒன்றுக்குச் சுழற்சியைக் கொண்டுசெல்ல வேண்டுமானால் இடையிலுள்ள தண்டு கோணம் மாறிக்கொண்டே சுழலவேண்டும். இரண்டு கவைகளையும் அவற்றுக்கிடையே குறுக்கு வசமாகப் பொருந்திய சிலுவை ஒன்றையும் கொண்டு இதைச் சாதிக்கிறார்கள். நம் பட்டறைகளில் கிராஸ் என்று சொல்லப்படும் இந்த இணைப்பு ஐரோப்பாவில் பதினாறாம் நூற்றாண்டு இத்தாலிய அறிஞர் கார்டானோவின் பெயராலும், ஆங்கிலேய விஞ்ஞானி ராபர்ட் ஹூக்கின் பெயராலும் வழங்குகிறது.

ஹூக் இதை எதற்காக ஆராய்ந்தார் என்பது பலருக்கு வியப்பளிக்கும். அவர் 1676-இல் வெளியிட்ட நூல் சூரியனைக் கண் கூசாமல் பார்ப்பதற்கான கருவிகளைப் பற்றியது. அதில் இந்த இணைப்பையும் விவரித்திருக்கிறார். ஒரு முனையைச் சீராகச் சுழற்றினாலும், கோணத்தில் நிற்கும் மறுமுனை சீராகச் சுழல்வதில்லை. ஒரு சுற்றுக்குள்ளேயே இரண்டு தடவை முந்தி இரண்டு தடவை பிந்துகிறது. இந்த ஏற்றத்தாழ்வு, வானத்தில் சீராகச் செல்லும் சூரியனின் நிழல் சூரிய கடிகாரத்தின் தட்டில் சீரற்று நகர்கிறதே, அதே விதிக்கு அணுவளவும் பிசகாமல் கட்டுப்பட்டது என்பதை ஹூக் உணர்ந்தார். கடிகாரத் தட்டுகளில் மணிக் கோடுகளைக் குறிப்பதற்கு இந்த இணைப்பையே பயன்படுத்தலாம் என்றும் காட்டினார். சென்னையில் கிடையாக வைத்த ஒரு சூரிய கடிகாரத்தில், உச்சிப்பொழுதிலிருந்து ஒரு மணி நேரத்தில் நிழல் சுமார் 3½ பாகைதான் நகரும். மாலை ஐந்திலிருந்து ஆறு மணிக்குள் ஏறக்குறைய 50 பாகை ஓடிவிடும். ஆகாயத்தின் கணிதமும் சேறு படிந்த ஒரு கிராஸின் கணிதமும் ஒன்றே என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

வண்டியில் கோணம் சிறியது. ஆகையால் ஏற்றத்தாழ்வும் சிறியது. 10 பாகைக் கோணத்தில் வேகம் நூற்றுக்கு ஒன்றரை வீதம் கூடிக் குறையும். 3 பாகையில் நூற்றில் ஏழில் ஒரு பங்குதான். கோணம் இரட்டித்தால் குற்றம் நான்கு மடங்காகிறது. இதை அடியோடு போக்குவதற்கு, ஷாஃப்ட்டின் மறு முனையில் இன்னொரு கிராஸை அமைத்து, இரண்டின் கோணங்களையும் சமமாக்கி, ஷாஃப்ட்டின் இரு முனைக் கவைகளையும் ஒரே தளத்தில் நிறுத்துகிறார்கள். முதல் இணைப்பு முந்துகிற கணத்தில் இரண்டாவது பிந்துவதால் சக்கரத்துக்குப் போய்ச் சேர்வது சீரான சுழற்சியாகிவிடுகிறது. நீளமான வண்டிகளில் ஷாஃப்ட் இரண்டு துண்டாக இருக்கும். ஏனென்றால் நீண்ட தண்டு ஒரு குறிப்பிட்ட வேகத்தை எட்டும்போது வில்லாக வளைந்து சுழலத் தொடங்குகிறது. கிளாஸ்கோவில் பேராசிரியராக இருந்த ராங்கின் 1869-இல் இதை ஆராய்ந்தார். நீளத்தைப் பாதியாக்கினால் அந்த ஆபத்தான வேகம் நான்கு மடங்கு தள்ளிப்போய்விடும். இரண்டு துண்டுகளும் சேரும் இடத்தில், ரப்பர் வளையத்துக்குள் பொதிந்த சென்டர் பேரிங் ஒன்று சேஸிஸில் தொங்குகிறது. பிக்கப்பின் உதறலில் பெரும்பகுதி இந்த ரப்பரின் சரித்திரமே.

வேகம் எடுக்கும்போது மட்டும் ஏன் உதறுகிறது என்ற மூலக் கேள்விக்கு இப்போது விடை சொல்லலாம். கோணத்தில் நிற்கும் இணைப்பு வழியாக முறுக்கு விசை செல்லும்போது, அதன் ஒரு சிறு பகுதி ஷாஃப்ட்டை முறுக்குவதற்குப் பதிலாக வளைக்க முற்படுகிறது. அந்த வளைவு முயற்சியும் ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை எழுந்து அடங்குகிறது. அதன் அளவு, செல்லும் முறுக்கு விசைக்கு நேர் விகிதத்தில் இருக்கிறது. என்ஜினின் 200 நியூட்டன் மீட்டர் முறுக்கு, முதல் கியரில் நான்கு மடங்காகி 800 ஆக ஷாஃப்ட்டுக்கு வருகிறது என்று கொள்வோம். 6 பாகைக் கோணத்தில், வளைக்கும் முயற்சி பூஜ்யத்திலிருந்து 84 வரை ஏறி இறங்கும். முன் துண்டின் நீளம் 60 சென்டிமீட்டர் என்றால் சென்டர் பேரிங்கின் மேல் அது 14 கிலோ எடைக்குச் சமமான தள்ளுதலாக விழும். மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் ஷாஃப்ட் விநாடிக்கு 8 சுற்று. எனவே இந்தத் தள்ளுதல் விநாடிக்கு 16 தடவை. ரப்பர் திடமாக இருக்கும்வரை இதை விழுங்கிவிடும். ரப்பர் கிழிந்து தொய்ந்துவிட்டாலோ, தொங்கும் ஷாஃப்ட்டின் இயற்கையான ஊசலாட்டம் இந்த எண்ணுக்கே இறங்கிவந்து, இரண்டும் ஒத்து, வண்டி கடகடவென்று உதறும். வேகம் 25, 30 என்று ஏறியதும் எண் விலகிப்போவதால் உதறலும் நின்றுவிடும்; காலை எடுத்தால் முறுக்கு விசையே இல்லாததால் எந்த வேகத்திலும் நின்றுவிடும். கிளட்சின் மேல் பழி விழுவதும் இதனால்தான். இரண்டும் புறப்படும்போதே வருகின்றன. பெடலை முழுவதும் விட்டபின்னும் உதறல் தொடர்கிறதா என்று கவனிப்பது ஒன்றே இரண்டையும் பிரித்துக்காட்டும்.

இன்னொரு சூக்ஷ்மமும் உண்டு. சக்கரத்தை முன்னோக்கிச் சுழற்றும் முறுக்கு விசைக்கு எதிர்விசையாக அச்சின் ஹவுசிங் பின்னோக்கிச் சுழல முற்படுகிறது; முதல் கியரில் 800-இன் நான்கு மடங்கான 3,200 நியூட்டன் மீட்டரைப் பட்டைகள் தாங்கவேண்டியிருக்கிறது. பட்டைகள் நெளிகின்றன, பினியனின் மூக்கு மேலே தூக்கிக்கொள்கிறது, கோணங்கள் மாறிவிடுகின்றன. பட்டறையில் வண்டி ஓய்ந்து நிற்கும்போது கண்ட கோணம் வேலை செய்யும்போது இருக்கும் கோணம் அல்ல. சுமையும் கோணத்தை மாற்றுகிறது: காலி வண்டியின் பின்புறம் உயர்ந்து நிற்பதால் ஷாஃப்ட் சரிவாக இருக்கும்; சுமை ஏறியதும் பின்புறம் தாழ்ந்து ஷாஃப்ட் ஏறக்குறைய நேராகிவிடும். ஆகவே ஓட்டுநரிடம் முதலில் கேட்கவேண்டியது, காலியாகப் போகும்போது உதறுகிறதா, சுமையோடு போகும்போது உதறுகிறதா என்பது. இரண்டிலும் வேறுபாடு இருக்கிறது என்று அவர் சொன்னால், ஷாஃப்ட்டின் கோணத்தைச் சந்தேகிப்பதற்கு அது ஒரு நல்ல சாட்சி. அதிக பாரம் ஏற்றவேண்டும் என்பதற்காகக் கூடுதல் பட்டைகளைச் சேர்க்கும் வழக்கம் நம்மிடையே பரவலாக இருக்கிறது. பின்புறம் எழும்பிவிடுகிறது, தொழிற்சாலையில் கணக்கிட்டு வைத்த கோணங்கள் அத்தனையும் குலைகின்றன, பட்டை சேர்த்த சில நாட்களில் உதறல் தொடங்கினாலும் இரண்டுக்கும் உள்ள உறவை யாரும் எண்ணிப்பார்ப்பதில்லை. இந்த வழக்கத்தை நான் ஆதரிக்கவில்லை. பிரேக்கும் அச்சும் சேஸிஸும் அந்தக் கூடுதல் பாரத்துக்காகச் செய்யப்பட்டவை அல்ல.

பழுதுபார்க்கும் வேலைக்கு வருவோம். வண்டியை ஜாக்கி ஒன்றையே நம்பித் தூக்கி அடியில் படுப்பது உயிரைப் பணயம் வைப்பதாகும். ஸ்டாண்டுகளை வைத்து, முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, கியரை விடுவித்த பிறகே உள்ளே போகவேண்டும். ஷாஃப்ட்டைக் கையால் பற்றி மேலும் கீழும் தூக்கியும் இடவலமாக முறுக்கியும் பார்த்தால், கிராஸில் ஆட்டம் இருந்தால் விரல்களுக்கே தெரியும். கிராஸின் குப்பிகளைச் சுற்றிச் செந்நிறத் துருப்பொடி படிந்திருந்தால் உள்ளே கிரீஸ் வற்றி ஊசி உருளைகள் தேய்ந்துபோயின என்று பொருள். சில கிராஸ்களில் ஆட்டம் இராது, ஆனால் கழற்றிக் கையில் வைத்து மடக்கும்போது ஏதோ ஒரு கோணத்தில் இறுகிப் பிடிக்கும், அதுவும் கெட்டதே. சென்டர் பேரிங்கின் ரப்பரை ஒரு நெம்புகோலால் மெல்லத் தூக்கிப் பார்த்தால் கிழிசல் வாய் திறந்து காட்டும். நீளம் மாறுவதற்கென்று அமைந்த பல்வரிசை உலர்ந்திருந்தால், சுமையில் இறுகிக்கொண்டு திடீரென்று நழுவும். அதற்கு கிரீஸ் வைத்தாலே பல சமயங்களில் போதும்.

கழற்றுவதற்கு முன்னால் செய்யவேண்டிய ஒரு காரியத்தை எத்தனை தடவை சொன்னாலும் தகும். ஷாஃப்ட்டின் இரு துண்டுகளிலும், அவை கூடும் பல்வரிசையிலும், பின் அச்சின் ஃபிளாஞ்சிலும் பெயின்ட்டால் நேர்கோடு போட்டு அடையாளம் செய்துகொள்ள வேண்டும். திரும்பப் பூட்டும்போது ஒரே ஒரு பல் தவறிப் பொருந்தினாலும் கவைகள் ஒரே தளத்தில் நில்லாமல் போகும். முதல் இணைப்பின் குற்றத்தை இரண்டாவது முழுவதும் நீக்காமல் விட்டுவிடும். தொண்ணூறு பாகை தவறினால் நீக்குவதற்கு மாறாக இரட்டிப்பாக்கும். புதுக் கிராஸ், புது பேரிங் எல்லாம் போட்டும் முன்பைவிட அதிகமாக உதறுகிறது என்று திரும்பி வரும் வண்டிகளில், கோடு போட மறந்த வண்டிகளை முதலில் தேடவேண்டும். லேத் பட்டறையில் ஷாஃப்ட்டை வெட்டிப் புதுக் கவையைப் பற்றவைத்திருந்தால் இந்தச் சோதனை இன்னும் அவசியம். பற்றவைத்தபின் ஷாஃப்ட்டை பேலன்சிங் யந்திரத்தில் ஏற்றிச் சுழற்றிப் பார்க்காமல் வண்டியில் பூட்டுவது நியாயமே அன்று. குழாயின்மேல் ஒட்டியிருக்கும் சிறு தகடுகள் பயனற்றவை என்று எண்ணித் தட்டி எடுத்துவிடுவோரும் உண்டு. சமநிலைக்காக வைக்கப்பட்ட எடைகளே அவை.

கோணத்தைச் சரிசெய்வது கடைசி வேலை. பாகை அளக்கும் மட்டப்பலகையையோ கைப்பேசியின் மட்டத்தையோ கியர்பாக்ஸின் முகத்திலும், இரு துண்டு ஷாஃப்ட்டிலும், பினியன் ஃபிளாஞ்சிலும் வைத்து அளந்து, அடுத்தடுத்த இரண்டின் வித்தியாசத்தை எடுத்தால் ஒவ்வொரு கிராஸின் கோணமும் கிடைத்துவிடும். ஒன்றையொன்று ஈடுசெய்யவேண்டிய இரண்டு கிராஸ்களின் கோணங்களுக்குள் ஒரு பாகைக்கு மேல் வித்தியாசம் இல்லாமலும், எந்தக் கோணமும் ஏறத்தாழ 3 பாகையை மிஞ்சாமலும் இருப்பது உத்தமம். கோணமே இல்லாமல் பூஜ்யமாக இருப்பதும் நல்லதன்று என்பது விசித்திரமான உண்மை. அப்போது ஊசி உருளைகள் இடம்விட்டு உருளாமல் ஒரே இடத்தில் அமுங்கி, சிலுவையில் பள்ளம் பறித்துவிடுகின்றன. சென்டர் பேரிங்கின் தாங்கிக்கும் சேஸிஸுக்கும் இடையே வாஷரோ தகடோ வைத்து அதைச் சில மில்லிமீட்டர் இறக்கினால் முன் கோணம் மாறும். பட்டைக்கும் அச்சுக்கும் இடையே சாய்வான ஆப்புத் தகட்டைச் செருகினால் பினியனின் மூக்கு திரும்பும். இரண்டையும் ஒரே சமயத்தில் செய்யாமல், ஒன்றைச் செய்து ஓட்டிப் பார்த்தபின் மற்றதைச் செய்யவேண்டும். இல்லாவிட்டால் எது பலன் தந்தது என்பது தெரியாமலே போய்விடும்.

பூட்டி முடித்த வண்டியைக் காலியாக ஒரு தடவையும், வழக்கமான சுமையோடு ஒரு தடவையும், முன்பு உதறிய அதே சாலையில், அதே கியரில் ஓட்டிப் பார்க்கவேண்டும். கைப்பேசியில் முன்பு பதிந்த எண்களின் பக்கத்தில் இப்போதைய எண்களையும் குறித்துக்கொள்ள வேண்டும். 15 கி.மீ. வேகத்தில் விநாடிக்கு 16 என்று நின்ற ஆட்டம் மறைந்து, 60 கி.மீ. வேகத்தில் 8 என்ற எண்ணில் மெல்லிய ஓர் ஆட்டம் மட்டும் எஞ்சியிருந்தால், அது சக்கரத்தினுடையது. அந்த வண்டிக்கு பேலன்சிங் செய்யவேண்டிய சமயம் இப்போதுதான் வந்திருக்கிறது.